வாரேன் என்று சொன்னவர்கள்

எங்கள் புளியம்பொட்டலில் யாரும் யார் வீட்டிலிருந்தும் போனதாகச் சரித்திரமே இல்லை. விருந்துக்கு வந்தவர், விசேஷத்துக்கு வந்தவர், எருமை விலை பேச வந்தவர், வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க வந்தவர், யாராக இருந்தாலும் வாசல் தாண்டும்போது "வாரேன்" என்பார், வீட்டுக்காரர் "வாங்க" என்பார், அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விடுவார். அந்த வாரேனுக்குப் போகிறேன் என்று அர்த்தம் என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். சில சமயம் அதற்கு இனிமேல் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று அர்த்தம், சில சமயம் உங்கள் வீட்டுக் காப்பி வாயில் வைக்க விளங்கவில்லை என்று அர்த்தம், மாப்பிள்ளை வீட்டார் சொன்னால் பெண் பிடிக்கவில்லை என்று அர்த்தம். எந்த வாரேனுக்கு எந்த அர்த்தம் என்பதைச் சொன்னவர் முகத்தையும், அவர் எழுந்த வேகத்தையும், தட்டில் அவர் மிச்சம் வைத்த பஜ்ஜியையும் பார்த்து நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். "போறேன்" என்கிற சொல்லை மட்டும் யாரும் வாசலில் நின்று சொல்வதில்லை. சாவு விழுந்த துஷ்டி வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள்கூட அதைச் சொல்லாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நழுவிவிடுவார்கள்.

அப்படி இருந்த ஊரில், ஓர் ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, தபால்காரர் வருகிற நேரத்துக்கு, முன்பு எப்போதோ வாரேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் எல்லாரும் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் கணக்கு வாத்தியார் ஜேசுவடியான் வந்தார். மாறுதலாகிப் போன அன்று ஒரு கணக்கைக் கரும்பலகையில் பாதியில் விட்டுவிட்டு, மிச்சத்தை முடித்துத்தர வாரேன் என்று ஒன்பதாம் வகுப்பிடம் சொல்லியிருந்தார். இப்போது ஊன்றுகோலோடு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சாக்பீஸ் கேட்டார். அந்த ஒன்பதாம் வகுப்புக்கு இப்போது மீசை நரைத்திருந்தது. ஆனாலும் அது உரக்கடையை அடைத்துவிட்டு, டிராக்டரை வயலிலேயே நிறுத்திவிட்டு, வந்து பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தது. விடை மைனஸ் நான்கு என்று தெரிந்தபோது பல பேருக்கு நெஞ்சில் ஏதோ இறங்கின மாதிரி இருந்தது.

அடுத்து, பழைய பட்டுச்சேலைக்கு எவர்சில்வர் பாத்திரம் தருகிறவர் வந்தார். பெரிய அண்டாவோடு வாரேன் என்று சொல்லிச் சேலைகளை வாங்கிக்கொண்டு போனவர், தலையில் அண்டாக்கள் ஆட, கால் ஒரு பக்கம் இழுக்க, முகம் வேறு பக்கம் பார்க்க, தெருத்தெருவாக வந்து கொடுத்தார். கோயில் கொடைத் திருவிழாவில் வித்தை காட்டிய ஒற்றைச் சக்கர சைக்கிள்காரர் வந்தார். தண்ணீர்த் தொட்டி திறப்புவிழாவில் ரோட்டைப் பார்க்க மறுபடி வாரேன் என்று சொன்ன சட்டமன்ற உறுப்பினர் வந்தார். அவர் ரோட்டைப் பார்த்தார். பிறகு பழக்கதோஷத்தில் "வாரேன்" என்று கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார், ஊர் எல்லையில் கார் தானாகத் திரும்பியது. மறுபடி கும்பிட்டார், மறுபடி திரும்பியது. ஓட்டுப் போடுகிற ஜனங்களிடம் நின்று போறேன் என்று சொல்ல எந்த அரசியல்வாதிக்கு நாக்கு வரும்? அவர் அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் போவதும் வருவதுமாக இருந்து, இடுப்பு பிடித்துக்கொண்டு, கடைசியில் தானே நின்று ஜல்லி கொட்டவைத்தார்.

செத்துப்போனவர்கள் மட்டும் யாரும் வரவில்லை. அவர்கள் சொல்லிக்கொண்டு போனவர்கள் இல்லை.

எங்களுக்கு இதில் ஆச்சரியப்பட நேரம் இருக்கவில்லை. வந்தவர்களுக்குச் சாப்பாடு போடவேண்டும், பாய் விரிக்கவேண்டும், அவர்கள் எந்த வருஷத்தில் யாரிடம் எதற்காகச் சொன்னார்கள் என்று ஞாபகப்படுத்திப் பார்த்து உரியவர் வீட்டுக்கு அனுப்பவேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், வந்தவர்களை வெளியே அனுப்புவது. வந்த காரியம் முடிந்ததும் அவர்கள் போகலாம், தடை ஒன்றும் இல்லை. ஆனால் படியிறங்கும்போது பழைய வாய் பழைய சொல்லைச் சொல்லிவிடும், எல்லைக்கல் வரை போன கால் அப்படியே திரும்பிவிடும். உள்ளூர்க்காரர்களுக்கும் அதே கதிதான். வெறுமனே வாரேன் என்று சொன்னவர் எல்லைக்கல்லிலிருந்து திரும்பினார். மருந்து வாங்கிட்டு வாரேன் என்று சொன்னவர் மருந்து கைக்கு வந்த நொடியில், மிச்சச் சில்லறையைக்கூட வாங்காமல் திரும்பினார். "இந்தா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போன புருஷன்மார்கள் டீ ஆறுவதற்குள் வீட்டுக்குள் இருந்தார்கள், அதில் பெண்களுக்கு மிகுந்த சந்தோஷம். பசுவுக்குப் பிரசவ வலி கண்ட அன்று ஒருத்தர் "டாக்டரக் கூட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார், பாவம் அந்த மாட்டு டாக்டர் குளித்துக்கொண்டிருந்தவர், சோப்பு நுரையும் ஈரத் துண்டுமாகத் தரதரவென்று இழுபட்டு வந்து கன்றை எடுத்துப்போட்டார். அதன்பிறகு அவர் எங்கள் ஊர்க்காரர்களைப் பார்த்தாலே முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வார்.

பஞ்சாயத்துத் தலைவி ஞானசெல்வம் கூட்டம் போட்டார். வாசலில் சொல்லிக்கொள்ள வேறு ஒரு சொல் வேண்டும், அது வாரேன் என்றும் இருக்கக்கூடாது, போறேன் என்றும் இருக்கக்கூடாது, மரியாதைக் குறைவாகவும் இருக்கக்கூடாது. கிளம்புதேன் என்று சொல்லிப் பார்க்கலாம் என்றார்கள். சொல்லிப் பார்த்தவர் நாள் முழுக்கக் கிளம்பிக்கொண்டே இருந்தார், சட்டையைப் போடுவதும் தலை சீவுவதுமாக. பார்ப்போம் என்று சொன்ன இரண்டு பேர் ஒருத்தரையொருத்தர் கண்மூடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பிரித்து அனுப்பவேண்டியதாயிற்று. உத்தரவு வாங்கிக்கிடுதேன் என்பது அழகாகத்தான் இருந்தது, ஆனால் உத்தரவு கொடுக்க வேண்டியவர்கள் அதில் ருசி கண்டு தாமதித்தார்கள். கடைசியில் யாரோ "நல்லா இருங்க" என்று சொல்லிப் பார்த்தார். கால் இழுக்கவில்லை. கேட்டவருக்கும் முகம் மலர்ந்தது. அதிலிருந்து எங்கள் ஊரில் எல்லாரும் படியிறங்கும்போது நல்லா இருங்க என்றுதான் சொல்கிறோம். அதைச் சொல்லிச் சொல்லி உண்மையிலேயே பல பேருக்கு உடம்பு கொஞ்சம் தேறியது.

இதெல்லாம் ஊர்க்கதை. நான் சொல்ல வந்தது பொற்கனியின் கதை.

பொற்கனி எங்கள் ஊர்க் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரும் அங்கேதான் தயாராகும். முப்பத்துமூன்று வயது. சொல் விஷயத்தில் கறாரானவள். தொண்ணூறு வயதில் இறந்த தன் தகப்பனாருக்கு "அகால மரணம்" என்று போடச்சொல்லி ஒருத்தர் வந்தார், காதுக்குக் கனமாக இருக்கிறது என்பதற்காக. அகாலம் என்றால் காலம் வருவதற்கு முன்னால் என்று பொற்கனி எடுத்துச் சொன்னாள். "எங்கப்பாவுக்குக் காலம் வந்துட்டுன்னு நீ எப்படிச் சொல்லலாம்?" என்று அவர் கண்கலங்கிவிட்டார். பொற்கனி கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, அந்த மகனைப் பொறுத்தவரை அது சரியான சொல்தான் என்று முடிவுசெய்து, அப்படியே அடித்துக்கொடுத்தாள். அகராதியில் இருக்கிற அர்த்தமும் ஆளிடம் இருக்கிற அர்த்தமும் வேறுவேறு என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் இரண்டும் ஒன்றாக இருக்கிற ஒரு வார்த்தையை யாராவது தன்னிடம் சொல்லமாட்டார்களா என்கிற ஏக்கமும் அவளுக்கு இருந்தது.

அதற்குக் காரணம் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள். அவளுடைய அப்பா தவமணி பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை நடத்தினார். அவர் கேசரியை அந்த வட்டாரத்தில் யாரும் குறைசொன்னதில்லை. அதைச் சாப்பிடுவதற்கென்றே மாப்பிள்ளை வீட்டார் வந்தார்களோ என்று சந்தேகப்படும்படி வந்தார்கள், சாப்பிட்டார்கள், "கலந்து பேசிட்டு வாரோம்" என்றோ "பூ வைக்க வாரோம்" என்றோ சொன்னார்கள், போனார்கள். ஒரு குடும்பமாவது பிடிக்கவில்லை என்று வாயைத் திறந்து சொன்னதில்லை. அம்மா அன்னபாக்கியம் ஒவ்வொரு வாரோமுக்குப் பிறகும் சில வாரங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள், பிறகு பார்ப்பதை விட்டுவிடுவாள், அதற்குள் அடுத்த குடும்பம் வரும்.

இப்போது அவர்கள் எல்லாரும் வந்தார்கள்.

சாத்தூரில் ஜவுளிக்கடையில் இருக்கிறவர் முதலில் வந்தார், கையில் பூவும் பழமும் வைத்த தட்டோடு, பின்னால் தன் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும். பூ வைக்க வாரோம் என்று அன்றைக்குச் சொல்லியிருந்ததால் தட்டைக் கீழே வைக்கவும் முடியவில்லை, யாரிடமாவது கொடுக்கவும் முடியவில்லை, வெட்கத்தில் ஆள் வியர்த்துக் கொட்டினார். அவர் மனைவிதான் நிலைமையைச் சமாளித்தாள். தட்டிலிருந்த மல்லிகையைத் தானே எடுத்துப் பொற்கனிக்கு வைத்துவிட்டு, மிச்சத்தைத் தன் தலையில் வைத்துக்கொண்டு, "அக்கா, இந்த மனுஷன் ராத்திரி விடுற குறட்டைக்கு நீங்க தப்பிச்சிய, நான் மாட்டிக்கிட்டேன்" என்றாள். இருவரும் அன்று மத்தியானம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நல்ல நாள் பார்த்துவிட்டு வாரோம் என்று சொன்ன ஒரு தாயார் பஞ்சாங்கத்தோடு தனியாக வந்தாள். மகன் கனடாவில் வெள்ளைக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டதால் நல்ல நாளை யாருக்குச் சொல்வதென்று தெரியாமல், வந்ததற்காகத் தவமணியின் கடைக்கு உளுந்து உடைத்துக்கொடுத்துவிட்டு, நல்லா இருங்க என்று போனாள். இப்படி ஒவ்வொருவராக. அன்னபாக்கியத்துக்கு முதலில் கோபமும் பிறகு வேடிக்கையும் கடைசியில் ஒருமாதிரி திருப்தியும் வந்தது. தன் வாசலை மிதித்துக் கேசரி சாப்பிட்ட ஒவ்வொருத்தனும் அந்த வாசலுக்குப் பதில் சொல்லியாகவேண்டும் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

வந்தவர்களில் ஒருத்தருக்கு மட்டும் இன்னும் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. கூட்டுறவு வங்கியில் காசாளர், பெயர் ஆதிநாராயணன், முன்நெற்றி ஏறியிருந்தது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தான் அன்றைக்குச் சொன்னபடி வந்துவிட்டதாகவும், இந்தமுறை தனக்குச் சம்மதம் என்றும், பெண்ணின் விருப்பத்தைக் கேட்டுச் சொல்லும்படியும் பணிவாகச் சொன்னார். அன்னபாக்கியம் அடுக்களைக்குள் சென்று சாமி படத்தைக் கும்பிட்டுவிட்டு வந்தாள். தவமணி மகள் முகத்தைப் பார்த்தார்.

பொற்கனி வெளியே வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். கலந்து பேசிட்டுச் சொல்லுதோம் என்று சொன்னால் போதும், வழக்கமும் அதுதான், மரியாதையும் அதுதான். ஆனால் அந்தச் சொல்லின் மறுபக்கத்தில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவள் அவள்.

"எனக்கு விருப்பம் இல்ல" என்றாள். "உங்க மேல ஒரு குறையும் இல்ல. எனக்குத் தோணல, அவ்வளவுதான்."

ஆதிநாராயணன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். தான் பார்த்த பெண் வீட்டார்களும் தன்னிடம் நேராக ஒன்றும் சொன்னதில்லை என்றும், ஜாதகம் என்றார்கள், தசை என்றார்கள், தூரம் என்றார்கள், எதை நம்புவது என்று தெரியாமலே தலைமுடி போய்விட்டது என்றும் சொல்லிவிட்டு, "இது நல்லாத்தான் இருக்கு" என்று எழுந்தார். கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, நல்லா இருங்க என்று சொல்லிப் படியிறங்கிப் போனார். அவர் போன நடையில் பாரம் இறங்கியது தெரிந்தது.

அன்னபாக்கியத்துக்குத்தான் பாரம் ஏறிவிட்டது. அன்று முழுவதும் பாத்திரங்களோடு பேசினாள். வரவேண்டியவர்கள் எல்லாரும் வந்தாகிவிட்டது, இனி யாரைக் கனவு கண்டுகொண்டு இவள் உட்கார்ந்திருக்கிறாள் என்று சட்டியிடம் கேட்டாள். அந்தக் கேள்வி பொற்கனியை எங்கோ தைத்தது, ஏனென்றால் அவள் உண்மையாகவே யாரையோ எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒவ்வொரு முறை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோதும் எட்டிப் பார்த்தாள், ஒவ்வொரு முறையும் வேறு யாரோ. வராத முகம் எது என்று யோசித்தபோது அது வள்ளியூர் லிங்கதுரையின் முகமாக இருந்தது.

ஆறேழு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய அத்தை ஒருத்தி அவனை அழைத்து வந்திருந்தாள். மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற தொழில். அவன் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தான். அத்தைதான் பேசினாள், அத்தைதான் வாரோம் என்றாள். எல்லாரும் தெருவில் இறங்கிய பிறகு அவன் மட்டும் வாசலில் நின்று பொற்கனியைப் பார்த்து, தன் அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள் என்றும், அவளைப் பார்த்துக்கொள்ளவே பொழுது சரியாக இருக்கிறது என்றும், இந்த நிலையில் இன்னொரு பெண்ணைக் கொண்டுவந்து அந்த அறையில் அடைக்க மனம் ஒப்பவில்லை என்றும், அத்தை பேச்சைத் தட்டமுடியாமல் வந்துவிட்டதாகவும் சொன்னான். பிறகு, "வாரேன்னு சொன்னா நீங்க எதிர்பாப்பிய. அதனால, நான் போறேன்" என்றான்.

அன்னபாக்கியம் உள்ளேயிருந்து அதைக் கேட்டுவிட்டாள். நல்ல நாளும் அதுவுமாக வாசலில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னவனைத் திட்டிக்கொண்டே வாசலைக் கழுவிவிட்டாள். அதற்குப் பிறகு எந்த வரன் தட்டிப்போனாலும் அவள் கணக்கில் அது லிங்கதுரையின் வாய் செய்த வேலை. பொற்கனிக்கோ அன்றிலிருந்து அந்த முகம் மறக்கவில்லை. ஆனால் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவனைப் பற்றி நினைக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் கடைக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் அவள் விஷயத்தைச் சொன்னாள். அன்னபாக்கியம் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவன் எப்படிட்டி வருவான்? அவன்தான் போறேன்னு சொல்லிட்டுப் போயிட்டானே."

"அதான்மா நான் போகணும்."

"வாசல்ல நின்னு அந்த வார்த்தையச் சொன்னவன் வீட்டுக்கா?"

"நம்ம வாசல்ல நின்னு நெசத்தச் சொன்னது அவரு ஒருத்தருதான்."

அன்னபாக்கியம் இட்லித் தட்டின் குழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் உள்ளுக்குள் தெரிந்ததுதான். வாரோம் என்று சொன்னவர்களுக்காக அவள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த வாரங்களை எல்லாம் கூட்டினால் ஒரு ஆயுசு வரும், போறேன் என்று சொன்னவனுக்காக அவள் ஒரு நாளும் காத்திருந்ததில்லை. அவன் அவளுக்குச் செய்த உபகாரம் அது. ஆனால் அதை ஒப்புக்கொள்கிற ஆள் அவள் இல்லை. அவன் இந்நேரம் கல்யாணம் பண்ணியிருப்பான், பிள்ளை பெற்றிருப்பான் என்றாள். இருக்கலாம் என்றாள் பொற்கனி. ஊர் சிரிக்கும் என்றாள் அம்மா. இந்த ஊர் இப்போது எதற்கும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது என்று அப்பா குறுக்கே சொன்னார். அதற்குப் பிறகு அன்னபாக்கியம் சாமர்த்தியமான ஒரு யோசனைக்கு வந்தாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "போறதுதான் போற, கூட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போ" என்றாள்.

பொற்கனி அம்மாவைப் பார்த்தாள்.

"மாட்டு டாக்டர் வரலியா? சோப்போட வந்தான்ல? ஏட்டி, சொல்லிட்டுப் போ. கல்யாணம் ஆயிருந்தா அங்கயே தெரிஞ்சிரும், விட்டுரு. ஆகலன்னா வந்து சேருவான். வந்தபெறகு உங்கப்பா பேசிக்கிடுவாரு."

அது நடக்கிற காரியம்தான். அந்த இரண்டு சொல்லைச் சொல்லிவிட்டுப் படியிறங்கினால் போதும், லிங்கதுரை செய்துகொண்டிருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பின்னாலேயே வந்து இந்த வாசலில் நிற்பான். பொற்கனி அதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள் என்பதையும் சொல்லவேண்டும். முப்பத்துமூன்று வயதில், இத்தனை பேர் கேசரி தின்றுவிட்டுப் போன பிறகு, யாராக இருந்தாலும் நினைத்துப் பார்ப்பார்கள். பிறகு அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"என் வார்த்தைக்கு என் காலு கட்டுப்பட்டாப் போதும்மா. அவரு காலு எதுக்குக் கட்டுப்படணும்?" என்றாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். படியில் நின்று, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்து எடுத்து வைக்கிற மாதிரி, "போய்க் கேட்டுட்டு வாரேன்" என்றாள்.

அப்பா, "நல்லா இரு தாயி" என்றார். அம்மா பேருந்து கண்ணுக்கு மறைகிற வரை கடையின் முன்னால் நின்றாள்.

வள்ளியூரில் லிங்கதுரையின் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. வாசலில் தண்ணீர் இறைக்கிற மோட்டார்கள் வரிசையாக வயிறு திறந்து கிடந்தன. அவன் உள்ளே ஒரு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான், உதடு அசைய எண்ணிக்கொண்டே. எண்ணிக்கை தப்பினால் மொத்தத்தையும் அவிழ்க்கவேண்டும் என்பது பொற்கனிக்குத் தெரியாது, ஆனாலும் அந்த உதட்டைப் பார்த்ததும் அவள் பேசாமல் நின்றாள். அவன் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தான். உடனே அவன் அடையாளம் கண்டுகொண்டான், எண்ணுவதையும் நிறுத்தவில்லை. சுற்றி முடித்து, கம்பியை வெட்டி முடிச்சுப்போட்ட பிறகுதான் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப்போட்டான்.

"புளியம்பொட்டல்" என்றான்.

அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று அவள் கேட்டாள். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் போய்விட்டாள் என்று அவன் சொன்னான். கஷ்டப்படாமல், அவன் கையால் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே. பிறகு அவன், கல்யாணம் எதுவும் பண்ணிக்கொள்ளவில்லை என்பதை அவள் கேட்காமலே சொன்னான். அன்றைக்கு அழைத்து வந்த அத்தையும் காலமாகிவிட்டாள், அழைத்துப்போக ஆளில்லாததால் எங்கும் போகவில்லை என்றான். அப்படிச் சொல்லும்போது அவன் காது சிவந்தது. பொற்கனி தன் ஊரில் நடப்பதையெல்லாம் சொன்னாள், வாத்தியார் வந்தது, சட்டமன்ற உறுப்பினர் ரோடு போட்டது, சாத்தூர்க்காரர் தட்டோடு நின்றது. அவன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான், துடைத்த இடத்தில் விரலில் இருந்த கம்பி வார்னிஷ் ஒட்டிக்கொண்டது.

"எல்லாரும் வந்தாங்க" என்றாள் அவள். "நீங்கதான் வரல. நீங்க வாரேன்னு சொல்லல."

"சொல்லல" என்றான் அவன்.

"அதனாலதான் நான் வந்தேன். உங்களக் கேக்கதுக்கு." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "இப்ப உங்களுக்கு மனசு இருந்தா, எங்க வீட்டுக்கு வந்து அப்பாகிட்டப் பேசுதியளா? இல்லன்னா இல்லன்னே சொல்லலாம். எனக்கு அது பழகிட்டு."

லிங்கதுரை கையிலிருந்த கம்பித் துண்டை மோட்டாரின் மேல் வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

"சரி" என்றான்.

எந்தச் சரி என்று பொற்கனிக்குத் தெரியவில்லை. சரி என்றால் சம்மதம், சரி என்றால் போதும் நிறுத்து, சரி என்றால் யோசிக்கிறேன், சரி என்றால் நேரமாயிற்று கிளம்பு. புளியம்பொட்டலாக இருந்திருந்தால் கொஞ்சநேரத்தில் தெரிந்துவிடும். இது வள்ளியூர், இங்கே சொற்கள் பழையபடி யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் சொல்லக்கூடியவையாகக் கிடந்தன. அவள் அவன் முகத்தைப் பார்க்க நினைத்தாள். ஆனால் அதற்குள் அவள் கால் திரும்ப ஆரம்பித்துவிட்டது.

கேட்டுட்டு வாரேன் என்றல்லவா சொல்லியிருந்தாள். கேட்டாகிவிட்டது. பதில் வாங்கிட்டு வாரேன் என்று அவள் சொல்லியிருக்கவில்லை, அந்த ஒரு சொல் அவளுக்கே தோன்றாமல் போயிருந்தது. கால் அவளைக் கடையிலிருந்து வெளியே கொண்டுவந்தது. "நிக்க முடியல, மன்னிச்சிக்கிடுங்க" என்று கழுத்தை மட்டும் திருப்பிச் சொன்னாள். பின்னாலிருந்து அவன் ஏதோ சொன்னான், ஷட்டர் இறங்குகிற சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது. "பூட்டிட்டு வாரேன்."

பேருந்து புறப்படத் தயாராக நின்றது. கால் அவளைப் படியேற்றி, ஜன்னலோரத்தில் உட்காரவைத்தது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அவள் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு முறுக்கு விற்பவர் இறங்கினார், ஒரு பெரியம்மா வாழைத்தாரோடு ஏறினாள், பேருந்து நகர்ந்தது. அவன் வரவில்லை.

எத்தனையோ வாரேன்களைக் கேட்டுப் பழகியவள் அவள். ஆனாலும் இந்த வாரேனை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்தாள். அவன் எழுந்த வேகத்தை அவள் பார்க்கவில்லை. முகத்தைப் பார்க்கவில்லை. ஷட்டர் இறங்கிய சத்தம் மட்டும்தான் கையில் இருந்தது. அது மெதுவாக இறங்கியதா, படாரென்று இறங்கியதா என்று திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். ஓர் ஆள் ஒருத்தியைத் தவிர்க்க வேண்டுமென்றால் கடையைப் பூட்டவேண்டிய அவசியம் இல்லையே என்று தோன்றியது. மத்தியானச் சாப்பாட்டுக்கும் பூட்டுவார்கள் என்றும் தோன்றியது. இதுவரை வந்தவர்கள் எல்லாரும் இழுபட்டு வந்தவர்கள். இவனை இழுக்க எதுவும் இல்லை, இழுத்திருக்கக்கூடிய ஒரே சொல்லைக் காலையில் படியில் நின்று வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அதற்காக வருத்தப்படுகிறாளா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இல்லை. பயமாக இருந்தது, வருத்தமாக இல்லை.

ஆனைகுளம் விலக்கு நிறுத்தத்தில் பேருந்து நின்றது. சோடாக்கடையின் முன்னால் ஒரு மொபட் புழுதி அடங்காமல் நின்றுகொண்டிருந்தது, அதன் சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு ஒருவன் பேருந்தை நோக்கி ஓடிவந்தான். வேறு சட்டை போட்டிருந்தான், பட்டனை ஒன்று விட்டு ஒன்று மாட்டியிருந்தான். கண்ணுக்குக் கீழே வார்னிஷ் அப்படியே இருந்தது. ஏறியவன் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, பேருந்து முழுவதையும் தேடி அவளைக் கண்டுபிடித்தான்.

"குளத்துக்கரை வழியா வந்தேன்" என்றான். "பஸ் ஸ்டாண்டுலயே கத்துனேன், நீங்க நிக்கல."

"நிக்க முடியல" என்றாள் அவள். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது, வாழைத்தார் பெரியம்மா இரண்டையும் கவனித்தாள்.

"ரெண்டு புளியம்பொட்டல்" என்று லிங்கதுரை கண்டக்டரிடம் சொன்னான். அவள் ஏற்கனவே எடுத்துவிட்டதாகக் கண்டக்டர் சொன்னார். அப்படியென்றால் ஒன்று என்றான். பேருந்து வளைவில் சாய்ந்தது, அவன் கம்பியோடு சேர்ந்து ஆடினான். பொற்கனி பக்கத்து இருக்கையில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உக்காரட்டுமா?" என்று அவன் கேட்டான்.

"ம்" என்றாள் பொற்கனி.

நம் பாஷையில் அந்த ஓர் எழுத்துக்கு இருக்கிற அளவு அர்த்தம் வேறு எதற்கும் கிடையாது. ஆனால் அன்றைக்கு அந்தப் பேருந்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது, கண்டக்டர்கூட விசில் ஊதாமல் அவன் உட்காரும் வரை காத்திருந்தார்.